அடுப்பெரித்து ஐஸ் செய்வது: செல்லிப்பட்டிலிருந்து ஒரு கணக்கு

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கத்துச் செல்லிப்பட்டு மாதிரி ஊரில் ஐஸ் பார் வாங்கிவர ஆள் அனுப்பும் நாட்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து என்றால் ஜூஸ் டிரம்முக்கு வேண்டும். மீன் வண்டிக்காரர் பெட்டியில் உடைத்துப் போட்டுக்கொண்டு வருவார். சாவு வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலைக் காக்க பார் பாராக வாங்கி மரத்தூள் தூவி அடுக்கிய காலம் உண்டு. இப்போது அதற்கு வாடகைப் பிரீசர் பெட்டி வந்துவிட்டது. எதற்கானாலும் ஐஸ் நகரத்திலிருந்தோ, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கமிருந்தோ வருகிறது. ஊருக்குள் யாரும் செய்வதில்லை.

செய்திருக்க முடியுமா? விளையாட்டாகக் கேட்கவில்லை. ஊருக்கு மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1859இல், வெறும் அடுப்பு நெருப்பைக் கொண்டு தண்ணீரை உறையவைக்கும் இயந்திரத்துக்குப் பெர்தினான் கார்ரே என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். செல்லிப்பட்டும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. சங்கராபரணியின் குறுக்கே செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே படுகை அணை கட்டியதும் அதே ஆட்சிதான். ஆற்றைத் தேக்கியவர்கள் ஐஸ் இயந்திரத்தை ஏன் இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை? அரசுக்கு அக்கறை இல்லை, ஊரில் காசு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டும் உண்மையே. ஆனால் அக்கறையும் காசும் இருந்திருந்தால்கூட அந்த இயந்திரம் இங்கே திணறியிருக்கும் என்பதே என் முடிவு. காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது.

முதலில் இயந்திரமே இல்லாத வழிகளைப் பார்த்துவிடுவோம். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிடும். அந்தக் கரைசலுக்குள் குடிநீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் குளிரவைப்பது அக்பரின் அரண்மனையில் வழக்கமாக இருந்ததை அயினி அக்பரி பதிவு செய்திருக்கிறது. உப்புப் படிகம் கட்டுவிட்டுக் கரைய வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் வாக்கர் இத்தகைய கலவைகளைத் தேடித் தேடிச் சோதித்தார். அவற்றில் பெயர்பெற்ற ஒன்று: நவச்சாரம் 5 பங்கு, வெடியுப்பு 5 பங்கு, தண்ணீர் 16 பங்கு. 10 டிகிரி செல்சியசில் எல்லாவற்றையும் கலந்தால் மைனஸ் 12 வரை இறங்கும். அதாவது 22 டிகிரி இறக்கம்.

இங்கிலாந்தின் கிணற்று நீருக்கு அது ஐஸ். நம்மூரில் 30 டிகிரித் தண்ணீரை எடுத்துக் கலந்தால் 8 டிகிரியில் வந்து நிற்கும். சில்லென்று மோர் குடிக்கலாம். ஐஸ் பார்க்க முடியாது. அம்மோனியம் நைட்ரேட்டையும் தண்ணீரையும் சமபங்காகக் கலந்தால் இன்னும் மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இறங்கும். அதுவும் உறைநிலைக்கு மேலேயே நின்றுவிடும். ஒரு கலவையால் அடுத்த கலவைக்கான உப்பையும் நீரையும் முன்கூட்டியே குளிரவைத்துப் படிப்படியாக இறங்கினால் ஐஸ் கிடைக்கும்தான். ஆனால் ஒரு கிலோ ஐசுக்கு எத்தனை கிலோ உப்பு கரைந்து போகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். உப்பை வெயிலில் காயவைத்து மீட்கலாம், உப்பளத்துக்கு மரக்காணம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். மழை மாதங்களில் என்ன செய்வார்கள் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

வட இந்தியாவில் உப்பும் இல்லாமல், நெருப்பும் இல்லாமல் ஐஸ் எடுத்தார்கள். 1775இல் ராபர்ட் பார்க்கர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரை இந்த முறையை விவரிக்கிறது. அகலமான பள்ளம் தோண்டி, அதில் கரும்புத் தட்டையோ சோளத்தட்டையோ கனமாகப் பரப்பி, மேலே மெருகிடாத ஆழமற்ற மண் தட்டுகளை வைத்து மாலையில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். வானம் தெளிந்து, காற்று அடங்கிய வறண்ட குளிர்கால இரவில் தட்டிலிருக்கும் நீர் ஆவியாகியும் வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்த்தும் உறையும். விடியுமுன் சுரண்டிச் சேர்த்துவிட வேண்டும். கல்கத்தாவுக்கு ஹூக்ளிப் பக்கத்திலிருந்து இப்படித்தான் சேறு கலந்த ஐஸ் வந்துகொண்டிருந்தது. கரும்புத் தட்டைக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. வறண்ட இரவுக்குத்தான் பஞ்சம். புதுச்சேரிக் கரையில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, காற்றில் ஈரம் தீர்வதில்லை. இந்த வழி இங்கே அடைபட்ட வழி.

எனவே தமிழ் நாட்டுக் கரைக்கு முதலில் மொத்தமாக வந்த ஐஸ் கப்பலில் வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஏரி ஐசைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக ஏறத்தாழ 100 டன் வந்து சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அவருக்காக எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். கல்கத்தா, பம்பாய் ஐஸ் ஹவுஸ்கள் போய்விட்டன, இது மட்டும் நிற்கிறது. அமெரிக்க ஐஸ் இங்கே விலைபோனதற்குக் காரணம் எளிது. உள்ளூரில் குளிரை உண்டாக்க எவராலும் முடியவில்லை; கடல்வழியே கொண்டுவந்து பாதியைக் கரையவிட்டும் லாபம் பார்க்க முடிந்தது.

இதே காலத்தில் ஐரோப்பிய ஆய்வகங்களில் இரண்டு வேதியியல் வழிகள் முளைவிட்டன. ஒன்று கந்தக அமிலம். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் தண்ணீர் அறைவெப்பத்திலேயே கொதிக்கும். கொதிக்கும்போது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். எழும் ஆவியை யாராவது தொடர்ந்து விழுங்கிக்கொண்டே இருந்தால் மிச்ச நீர் உறைந்துவிடும். அடர் கந்தக அமிலம் அந்த ஆவியை விழுங்கும். எடின்பரோவில் ஜான் லெஸ்லி 1810இல் இதைச் செய்து காட்டினார். பெர்தினான் கார்ரேயின் தம்பி எட்மண்ட் கார்ரே 1860களில் இதைக் கைப்பம்புள்ள கருவியாக்கினார். பாரிஸ் காபிக் கடைகள் அதை வைத்துத் தண்ணீர்க் குடுவைகளை உறையவைத்தன.

எனக்கு இந்தத் தம்பியின் கருவி மீது ஒரு பரிவு உண்டு. அதற்கு அடுப்பு வேண்டாம், குளிர்ந்த கிணறும் வேண்டாம். 30 டிகிரித் தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஐஸ் எடுக்கச் சுமார் 180 கிராம் நீர் ஆவியாக வேண்டும். 10 டிகிரித் தண்ணீரானால் 150 கிராம். ஊர் வெப்பத்தால் பெரிய நஷ்டமில்லை. அதன் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. ஆவியைக் குடித்த அமிலம் நீர்த்துப்போகும். நீர்த்ததைக் காய்ச்சி அடர்த்தியாக்க வேண்டும் அல்லது கொட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். பாரிசில் அமிலத் தொழிற்சாலை பக்கத்துத் தெருவில் இருந்தது. இங்கே அடர் கந்தக அமிலத்தைக் கண்ணாடிக் குடுவையில் மாட்டுவண்டியில் ஏற்றி வில்லியனூர்ச் சாலையில் அனுப்புவதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மற்றது அம்மோனியா. இந்த வாயு நம் ஊர்களுக்கு அந்நியமில்லை. ஈயம் பூசுகிறவர் தெரு மூலையில் குழிதோண்டித் துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றி, பழுத்த பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் அழுத்தித் தேய்க்கும்போது குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்குவார்கள். அந்தக் காரம் அம்மோனியாவின் காரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வாயு தனியே வெளியேறும். மூலப்பொருளுக்காகப் பாரிஸ் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் அம்மோனியா தாமிரத்தையும் பித்தளையையும் அரித்துவிடும். கன்னார் வேலைக்குப் பேர்போன இந்த நாட்டில், கன்னார் கைக்குப் பழகிய உலோகத்தைத் தொடாமல் முழுக்க இரும்பிலேயே கசிவில்லாத கலங்கள் செய்தாக வேண்டும்.

கார்ரேயின் சிறிய இயந்திரம் இயங்கும் விதம் இதுதான். இரண்டு இரும்புக் கலங்கள், நடுவே ஒரு குழாய், வெளிக்காற்று புகாத மூடிய அமைப்பு. ஒன்றில் அம்மோனியா கரைந்த தண்ணீர். அதை அடுப்பில் வைத்து 130 டிகிரி வரை சூடாக்கினால் அம்மோனியா தண்ணீரைவிட்டுப் பிரிந்து குழாய்வழியே இரண்டாவது கலத்துக்குப் போகும். அந்தக் கலம் குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்ந்திருக்கும். அழுத்தம் ஏற ஏற அம்மோனியா அங்கே திரவமாகும். இது முதல் பாதி. பிறகு அடுப்பிலிருந்த கலத்தை எடுத்து நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் தான் இழந்த அம்மோனியாவைத் திரும்பக் கேட்கும். மறுகலத்துத் திரவம் கொதித்து ஆவியாகி வந்துசேரும். கொதிப்பதற்கான வெப்பத்தைத் தன்னைச் சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் ஐசாகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1862இல் லண்டன் உலகக் கண்காட்சியில் கார்ரே காட்டிய பெரிய இயந்திரம் இந்த இரண்டு பாதிகளையும் ஒரே ஓட்டமாக்கி, மணிக்குச் சுமார் 200 கிலோ ஐஸ் தந்தது.

இரண்டு பாதியிலும் நீர்த்தொட்டி வருவதைக் கவனிக்க வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான்.

ஆழமில்லாத கிணற்று நீரின் வெப்பம் என்பது கிட்டத்தட்ட அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம். பாரிசில் அது 11, 12 டிகிரி. புதுச்சேரிப் பக்கத்தில் 28ஐத் தாண்டும். ஆழத்துக்குப் போனால் குளிரும் என்று நினைப்பதும் தவறு. ஆழம் கூடக் கூட நீர் சூடாகிறது. புதுச்சேரி வட்டாரத்தின் தானே பொங்கும் ஆர்டீசியன் கிணறுகள் அக்காலத்தில் புகழ்பெற்றவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இயந்திரத்தைக் குளிர்விக்க இறைக்காமலேயே நீர் கிடைத்திருக்கும். குளிர்ந்த நீராக இருந்திருக்காது என்பதுதான் சங்கடம்.

பாரிஸ் தண்ணீரில் அம்மோனியாவைத் திரவமாக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல எட்டு ஒன்பது மடங்கு போதும். 30 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் கலத்தின் உள்வெப்பம் 38, 40க்கு வரும். அழுத்தம் 15 மடங்குக்கு ஏறும். 1860களின் இரும்புத் தகட்டு இணைப்புகளுக்கு இது சில்லறை வித்தியாசமல்ல. இரண்டாவது பாதியில் அடி இன்னும் பலமாக விழும். சாதாரண அழுத்தத்தில் 10 டிகிரித் தண்ணீர் 100 கிராம், அம்மோனியா சுமார் 70 கிராமைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 40தான். ஒவ்வொரு சுற்றிலும் போய்வரும் அம்மோனியா குறையும், கிடைக்கும் ஐசும் குறையும், எரித்த விறகு அப்படியே இருக்கும். குளிர்விக்கும் இயந்திரம் எதுவும் வெப்பத்தை இறைக்கும் ஏற்றம்தான். பாரிசில் மைனஸ் 10லிருந்து 20 வரை இறைத்தால் போதும். இங்கே 40 வரை இறைக்க வேண்டும். கிணறு ஆழமானால் சால் எண்ணிக்கை குறையும்.

இதற்கு எதிர்ச்சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் கடல் முற்றுகையால் தெற்கே ஏரி ஐஸ் போகவில்லை; அப்போது கார்ரே இயந்திரங்கள் முற்றுகையைத் தாண்டிக் கடத்தப்பட்டன. லூசியானாவிலும் டெக்சாசிலும் அவை ஐஸ் தந்தன. அந்தக் கோடை நம் கோடைக்குச் சளைத்ததல்ல. ஆகவே வெதுவெதுப்பான தண்ணீர் இயந்திரத்தை நிறுத்திவிடாது. பெரிய குழாய்ப் பரப்பு, நிறைய நீர், கூடுதல் எரிபொருள், எப்போதும் பக்கத்தில் நிற்கும் கைதேர்ந்த மெக்கானிக் எல்லாம் இருந்தால் ஓடும். அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு நாள்தோறும் டன் கணக்கில் வாங்க ஆள் வேண்டும். நியூ ஆர்லியன்சில் இருந்தார்கள். செல்லிப்பட்டில் இல்லை. சிறிய இயந்திரம் இந்தத் தண்ணீரில் பிழைக்காது, பெரிய இயந்திரம் இந்த ஊரில் பிழைக்காது.

நடந்த வரலாறும் இதற்கு ஒத்தே போகிறது. இந்தியாவில் செயற்கை ஐஸ் துறைமுக நகரங்களில்தான் காலூன்றியது: சென்னையில் 1874இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி, கல்கத்தாவில் 1878இல் பெங்கால் ஐஸ் கம்பெனி. நீராவிப் பொறி சுழன்றது, நிலக்கரி கப்பலில் வந்தது, வாங்க ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் கிளப்புகளும் இருந்தன. டியூடரின் வியாபாரம் சில ஆண்டுகளுக்குள் முடிந்தது.

நீராவி என்றால் இங்கே அழுத்தும் இயந்திரம். ஜேக்கப் பெர்கின்ஸ் 1834இல் காப்புரிமை பெற்று, ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஹாரிசன் 1850களில் ஈதரைக் கொண்டு தொழிலாக்கிய முறை. ஈதர் எளிதில் தீப்பிடிக்கும். காற்று உள்ளே புகுந்தால் வெடிக்கும். 1870களில் ஜெர்மனியின் கார்ல் லின்டே ஈதரை விட்டு அம்மோனியாவுக்கு மாறினார். கார்ரேயின் வாயுவும் ஹாரிசனின் பம்பும் ஒன்றுசேர்ந்தன. தண்ணீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொண்ட இடத்தில் கம்பிரசர் உறிஞ்சியது. வெதுவெதுப்பான தண்ணீரால் விழும் இரண்டு அடிகளில் ஒன்று இதனால் விலகியது. வெப்ப நாடுகளில் அழுத்துமுறை வென்றதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். செயல்திறன் ஒப்பீடுகளை எழுதுகிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

இன்றைக்கும் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குள் போனால் லின்டேயின் பரம்பரையைப் பார்க்கலாம். பலகை வேய்ந்த தரை மாதிரி தெரிவது தரையல்ல, உப்புத் தண்ணீர் டேங்கின் மூடி. பலகையைத் தூக்கினால் கீழே மைனஸ் 10 டிகிரி உப்புநீரில் கேன்கள் வரிசையாக அமிழ்ந்திருக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் உறைந்த கேன்களை மேலே ஓடும் ஹாய்ஸ்ட் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்க்கும். பார் சறுக்கிக்கொண்டு வெளியே வரும். ஓரம் கண்ணாடி, நடு வெள்ளை. உறையும்போது நீரிலிருந்த காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே மாட்டிக்கொள்கின்றன. மொட்டை மாடியில் பாசி படிந்த குழாய்ச் சுருள்கள்மேல் ராப்பகலாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஐஸ் எடுத்த வெப்பமெல்லாம் அங்கே வெளியேறுகிறது. கீழே ஈயம் பூசுகிறவர் புகையின் வாடை இலேசாக அடித்தால் எங்கோ வால்வு கசிகிறது என்று பொருள். நல்லவேளையாக அம்மோனியா ஆளைக் கொல்லும் அளவுக்கு வெகு முன்பே மூக்குக்குத் தகவல் சொல்லிவிடும்.

உறிஞ்சும் முறை செத்துவிடவில்லை. 1920களில் ஸ்வீடன் மாணவர்கள் பிளாட்டனும் முன்டர்சும் அசையும் பாகமில்லாத, தொடர்ந்து ஓடும் குளிர்பெட்டி கண்டுபிடித்தனர். எலெக்ட்ரோலக்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மண்ணெண்ணெய் விளக்குச் சுடரில் ஓடிய அந்தப் பெட்டி, மின்கம்பி எட்டாத ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் தடுப்பூசி காத்தது. அமெரிக்காவில் கிராஸ்லி நிறுவனம் 1920களின் கடைசியில் விற்ற 'ஐசிபால்' கார்ரேயின் சிறிய கருவியேதான்: இரண்டு உருண்டை, நடுவே குழாய், ஒன்றரை மணி நேரம் அடுப்பு, ஒரு நாள் குளிர். அவை பெட்டியைக் குளிரவைத்தன, கொஞ்சம் ஐஸ் கட்டிகளும் தந்தன. பார் ஐஸ் தரவில்லை. புனேயின் தெர்மாக்ஸ் போன்ற நிறுவனங்கள் இன்று செய்யும் லித்தியம் புரோமைடு இயந்திரங்களும் உறிஞ்சும் வகைதான். அவற்றில் ஆவியாவது தண்ணீரே என்பதால் உறைநிலைக்குக் கீழே போக முடியாது. கட்டடத்தைக் குளிரவைக்கலாம், ஐஸ் செய்ய முடியாது.

நெல் விளையும் ஊரில் உமிக்குக் குறைவில்லை, அதை எரித்து அம்மோனியா இயந்திரத்தில் ஐஸ் செய்தால் என்ன என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. தோராயக் கணக்கு ஒன்று போடலாம். 30 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை 0 டிகிரி ஐசாக்க 460 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோ ஐஸ், வழியில் வீணாவதையும் சேர்த்தால் 55 மெகாஜூல். உறிஞ்சும் இயந்திரம் ஒரு பங்கு வெப்பம் தந்தால் 0.4 பங்கு குளிர் தரும் என்று வைத்தால், அடுப்பு கொடுக்க வேண்டியது 137 மெகாஜூல். கொதிகலனில் வீணாவது போகச் சுமார் 18 கிலோ உமி. இது மலிவுதான். ஆனால் வெளியே தள்ள வேண்டிய வெப்பம் 190 மெகாஜூலைத் தாண்டும். நீரை 5 டிகிரி சூடேறவிட்டு வெளியேற்றினால் நாளுக்கு 9000 லிட்டர் வேண்டும். நீரைக் குளிர்விக்கும் கோபுரம் வைத்து அதே நீரைச் சுற்றவிட்டால் ஆவியாவது 80 லிட்டர்தான். ஆனால் அந்தக் கோபுரமும் பம்பும் மின்சாரம் கேட்கும். மின்சாரம் வந்துவிட்டால் உமி எதற்கு? கம்பிரசர் இதே 100 கிலோவைச் சுமார் 8 யூனிட்டில் முடித்துவிடும். கூரையில் 2 கிலோவாட் சூரியத் தகடு அதைத் தரும், தள்ள வேண்டிய வெப்பமும் பாதிக்கும் கீழே. 1980களில் இந்தக் கணக்கு வேறு விடை சொல்லியிருக்கும், அன்று தகட்டின் விலை அப்படி.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: ஊருக்கு வேண்டியது ஐஸ்தானா? பாண்லே பால் கூட்டுறவுக்குப் பால் ஊற்றும் ஊர்களில் குளிர் தேவைப்படுவது பாலுக்கு. கறந்த பாலை 35 டிகிரியிலிருந்து 4க்குக் கொண்டுவர லிட்டருக்குச் சுமார் 120 கிலோஜூல்தான் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் செய்யும் குளிரில் கிட்டத்தட்ட நாலு லிட்டர் பாலைக் காப்பாற்றலாம். அதற்கு மைனஸ் 10 வரை இறைக்க வேண்டியதில்லை, இயந்திரத்தின் உழைப்பும் குறையும். பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக் கறவைக்குச் சேமிக்க மட்டும் கொஞ்சம் ஐஸ் உதவும். பாட்டரியைவிட மலிவு, சீக்கிரம் கெடாது.

கார்ரேயின் முறைக்கு இந்த வட்டாரத்தில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீராவியை ஏற்கெனவே உண்டாக்கி, வேலை முடிந்த ஆவியை வெளியே விடும் இடங்கள் அதற்கு ஏற்றவை. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மாதிரியானவை, ஓடினால். கரும்புச் சக்கையில் எரியும் கொதிகலனின் மிச்ச வெப்பம் இலவசம், கோபுரமும் பம்பும் ஆலைக்கு எப்படியும் இருக்கும், மெக்கானிக்கும் இருப்பார். டன் கணக்கில் ஐஸ் எடுத்துத் துறைமுகத்துக்கு அனுப்பலாம். அரைவைப் பருவம் முடிந்த மாதங்களில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டம் போடுகிறவர் பதில் வைத்திருக்க வேண்டும்.